நகம் கடிக்கும் பிள்ளையை அடிக்காதீர்கள்



நகம் கடிக்கிறது என்று விரலில் மிளகாய் தடவும் வழக்கம் நம் குருசுக்குப்பத்தில் இன்னும் இருக்கிறது. அதே கையால் குழந்தை கண்ணைக் கசக்கினால்? வேப்பெண்ணெய் தேவலை. ஆனால் சில பிள்ளைகள் அதையும் நக்கிப் பழகிவிடுவார்கள்!

என் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால்தான் விரல் வாய்க்குப் போகும். படம் வரையும்போது போகாது. எப்போது கடிக்கிறது என்று முதலில் கவனியுங்கள். அந்த நேரத்தில் கையில் களிமண்ணோ சப்பாத்தி மாவு உருண்டையோ கொடுங்கள். வாராவாரம் நகம் வெட்டுங்கள். பிசிறு இருந்தால் பல் அதைத் தேடும்.

நகத்தடியில் கீரிப்பூச்சி முட்டையும் இருக்கலாம். பிப்ரவரி 10, குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். விரல் வாயிலேயே இருந்தால் பூச்சி திரும்பவும் வரும்.

தாத்தா பாட்டிகளே, விருந்தாளி முன்னால் 'நகந்தின்னி' என்று கூப்பிடாதீர்கள். அப்புறம் அது கதவுக்குப் பின்னால் போய்க் கடிக்கும்.