யந்திரத்துக்கு வயது நூறு, அதன் பொம்மைக்கு?

உழைத்து ஓய்ந்த யந்திரங்களுக்கு இரண்டு கதிகள்தாம் உண்டு. ஒன்று பழைய இரும்புக் கடை; மற்றொன்று பொருட்காட்சிச் சாலை. மூன்றாவதாக ஒரு கதியும் இப்போது கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தலை நரைத்த பெரியவர்கள்கூட, லெகோ என்னும் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்துக்கொண்டு, ஐம்பது, நூறு வருஷங்களுக்கு முந்திய மண்வாரி யந்திரங்களையும் கிரேன்களையும் அளவு பிசகாமல் சிறிய உருவில் கட்டுகிறார்கள். வெறும் பொம்மையாக நிறுத்தி வைப்பதில்லை. உள்ளே மோட்டார் பொருத்தி, மண் அள்ளவும் பாரம் தூக்கவும் வைக்கிறார்கள்.

"குழந்தை விளையாட்டைப் பற்றி இவ்வளவு பேச்சா?" என்று வாசகர்கள் நினைக்கலாம். விளையாட்டுத்தான். ஆனால் அதற்குள் நம் எல்லோரையும் தொடுகிற ஒரு வழக்கு ஒளிந்திருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பொருள் எவ்வளவு காலம் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? வாங்கியவரா, விற்றவரா? கைபேசியிலும் காரிலும் எழுந்துள்ள இந்தக் கேள்வி, பொம்மைப் பெட்டிக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இரும்பு போனது, நினைவு நின்றது

அமெரிக்கரான வில்லியம் ஓட்டிஸ் நீராவி மண்வாரிக்குப் பேடண்ட் பெற்றது 1839-ல். 1914-ல் திறக்கப்பட்ட பனாமாக் கால்வாயை வெட்ட அமெரிக்கர்கள் கொண்டுபோன நீராவி மண்வாரிகள் 102. அவற்றில் 77 பூசைரஸ் கம்பெனியின் தயாரிப்பு. 1906-ல் கால்வாய் வேலையைப் பார்க்கப் போன ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட், அத்தகைய ஒரு யந்திரத்தில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்.

அதே கம்பெனியின் வாரிசு செய்த 'பிக் மஸ்கி' என்ற ராட்சத யந்திரம் 1969 முதல் 1991 வரை ஓஹையோ மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்க வேலை செய்தது. ஒரே வாரலில் 220 கன கஜம் மண் அள்ளும். 1999-ல் அதை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வாளி மட்டும் ஒரு நினைவுப் பூங்காவில் நிற்கிறது. 2011-ல் பூசைரஸ் கம்பெனியே காட்டர்பில்லர் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது.

இங்கிலாந்தில் இன்னொரு கதை. 1909-ல் ரஸ்டன் ப்ராக்டர் கம்பெனி செய்த நீராவி மண்வாரி ஒன்று, ஆர்ல்ஸி என்ற ஊரின் சுண்ணாம்புக் குழியில் கைவிடப்பட்டது. குழியில் தண்ணீர் நிரம்பியது. யந்திரம் பல பத்தாண்டுகள் தண்ணீருக்கடியில் கிடந்தது. 1977-ல் அதை வெளியே இழுத்துச் சீர்செய்தார்கள். அது பிறந்த லிங்கன் நகரத்துப் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்துவிட்டது. நீரில் ஊறிய இரும்பையும் மீட்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. அந்த யந்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. கொதிகலன், உருளை, பல்சக்கரம், சங்கிலி எல்லாம் திறந்தபடி நிற்கின்றன. தேய்ந்த உறுப்பைப் பார்த்து நல்ல பட்டறைக்காரர் ஒருவர் புதிதாகக் கடைந்துவிடலாம்.

மேஜை மேல் ஒரு பட்டறை

பழைய மண்வாரிக்கு முக்கியமாக மூன்று அசைவுகள். வாளியை மேலே இழுப்பது ஒன்று. அதை மண்ணுக்குள் முன்னே தள்ளுவது ஒன்று. கையைப் பக்கவாட்டில் திருப்புவது ஒன்று. இடம் விட்டு இடம் நகர்வது நான்காவது. இவற்றைச் சேர்த்து ஓட்டுவதுதான் ஓட்டுநரின் திறமை. அந்தத் திறமையைப் புகைப்படம் காட்டாது. ஓடுகிற உருவம் காட்டும்.

லெகோக் கட்டையின் மேலுள்ள குமிழ்களுக்கிடையே தூரம் 8 மில்லிமீட்டர். இருபதில் ஒரு பங்கு அளவில் கட்டினால் ஒவ்வொரு குமிழும் நிஜ யந்திரத்தில் 16 சென்டிமீட்டருக்குச் சமம். இந்தக் கணக்கோடு வேலை தொடங்குகிறது. இரும்பு வடத்துக்குப் பதில் நூல். தூக்கிய பாரம் மோட்டார் நின்றதும் கீழே விழாமலிருக்க வார்ம் கியர். வாளி கல்லில் முட்டினால் பற்கள் உடையாமலிருக்க நழுவும் பல்சக்கரம். மேற்பகுதி சுற்றச் சுற்ற மின்கம்பி முறுக்கிக்கொள்ளும்; ஆகையால் பாட்டரியை மேலேயே வைக்க வேண்டும், அல்லது சுழல் மேடையின் நடுவே ஓர் அச்சை இறக்கிக் கீழ்ச் சக்கரங்களுக்கு விசை கொடுக்க வேண்டும். நிஜ யந்திரத்தைச் செய்த எஞ்சினீயர்கள் மூளையைக் கசக்கிய அதே சங்கடங்கள்தாம் இவை. கட்டுகிறவர் அவற்றைத் தம் விரல்களாலேயே கற்றுக்கொள்கிறார்.

கட்டை மாறவில்லை, செருகி மாறிவிட்டது

இனி வழக்குக்கு வருவோம். லெகோக் கட்டைக்கு டென்மார்க்கில் பேடண்ட் கேட்டு மனுச் செய்தது 1958 ஜனவரி 28-ல். அந்த நாள் கட்டை இன்றைய கட்டையோடும் இசைந்து பொருந்துகிறது. அந்தக் கம்பெனியின் பெருமைகளில் இதற்குத்தான் முதலிடம் தர வேண்டும்.

மோட்டார் விஷயத்தில் இந்தப் பெருமை இல்லை. 1986-ல் 9 வோல்ட் முறை வந்தது. 2007-ல் புதிய செருகியுடன் 'பவர் பங்ஷன்ஸ்' என்ற முறை வந்தது. அப்போதாவது பழையதையும் புதியதையும் சேர்க்க ஓர் இணைப்புக் கம்பி விற்றார்கள். 2018-ல் 'பவர்டு அப்' முறை வந்தபோது செருகியும் மாறியது. கட்டளை கொடுக்கும் வழியும் மாறியது. பழைய மோட்டார் வேண்டுவோர் இரண்டாம் கை வியாபாரத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அந்த வியாபாரத்தின் பெரிய சந்தையான 'பிரிக்லிங்க்' நிறுவனத்தையும் 2019-ல் லெகோக் கம்பெனியே வாங்கிவிட்டது.

இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டால் மாறுதல் விளங்கும். 2016-ல் வந்தது, சுழல் சக்கரத்தில் வாளிகள் கோத்த மண்வாரி. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஜாதி யந்திரம் புதிதல்ல. 3,929 துண்டுகள்; ஒரே மோட்டார்; பென்டார்ச் பாட்டரிகள் ஆறு போடும் ஒரு பெட்டி. விசையைத் தள்ளினால் ஓடும். 2019-ல் வந்தது லீபெர் ஆர் 9800 என்ற சுரங்க மண்வாரி. 4,108 துண்டுகள், ஏழு மோட்டார்கள், விலை சுமார் 450 அமெரிக்க டாலர். இதை ஓட்டப் பெட்டியில் விசையும் இல்லை, கைக்கருவியும் இல்லை. கைபேசியில் கம்பெனியின் செயலியை ஏற்றித்தான் ஓட்ட வேண்டும்.

புதிய முறையில் நன்மை இல்லாமல் இல்லை. ஏழு மோட்டார்களைத் தனித்தனியே, வேகம் கூட்டியும் குறைத்தும் நடத்தலாம். பழைய அகச்சிவப்புக் கருவி வெயிலில் தடுமாறியது போல இது தடுமாறுவதில்லை. மோட்டாரும் கைபேசியும் பேசிக்கொள்ளும் கம்பியில்லா முறையின் விவரத்தைக் கம்பெனியே பகிரங்கமாக வெளியிட்டும் இருக்கிறது. இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் செயலியின் ஆயுள் யந்திரத்தின் ஆயுள் அல்ல. 1998-ல் பெரிய ஆரவாரத்துடன் வந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' வரிசைக்கு 2022-ன் இறுதியில் மங்களம் பாடிவிட்டார்கள். அதன் முதல் கட்டுப்பாட்டுக் கட்டைக்குக் கட்டளை அனுப்ப அன்றைய கம்ப்யூட்டரும் அன்றைய இணைப்பு வாயிலும் வேண்டும். அந்த வாயில் இன்றைய கம்ப்யூட்டர்களில் சாதாரணமாக இருப்பதில்லை. மோட்டார் தேயவில்லை; பல் உடையவில்லை. ஆனாலும் பொம்மை ஊமையாகிவிட்டது. நூற்றாண்டு கண்ட மண்வாரியின் நினைவைக் காக்கக் கட்டிய உருவம், பத்து இருபது வருஷங்களில் பேச்சிழந்து நின்றால் அது எந்த விதத்தில் நியாயம்?

சட்டம் போன தூரம்

கட்டையைப் பற்றிக் கோர்ட்டுகள் தெளிவாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. பேடண்டின் காலம் முடிந்த பிறகு, கட்டையின் வடிவத்தையே வியாபார முத்திரையாக்கி நிரந்தர உரிமை கொண்டாட லெகோ தரப்பு முயன்றது. 2005-ல் கனடாவின் சுப்ரீம் கோர்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றமும் அப்படியே கூறிவிட்டது. வேலை செய்யும் வடிவம் காலம் கடந்தபின் எல்லோருக்கும் பொது என்பதே இத்தீர்ப்புகளின் சாரம். ஆனால் பூட்டு இப்போது பிளாஸ்டிக்கில் இல்லை. மோட்டாருக்குக் கட்டளையிடும் நிரலுக்குள் போய்விட்டது.

பழுதுபார்க்கும் உரிமைச் சட்டங்களும் இந்த மூலையை எட்டவில்லை. ஐரோப்பிய யூனியன் 2024 ஜூனில் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றி, 2026 ஜூலை 31 முதல் உறுப்பு நாடுகள் அமல் நடத்த வேண்டுமென்று கெடு வைத்தது. சலவை யந்திரம், குளிர்சாதனப் பெட்டி, கைபேசி அதில் உண்டு, பொம்மை இல்லை. நம் மத்திய அரசு 2022-ல் இதற்கென அமைத்த குழுவும் விவசாயக் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் ஆகியவற்றையே எடுத்துக்கொண்டது. முதலில் கவனிக்க வேண்டியவை அவைதாம், சந்தேகமில்லை. ஆனால் செயலியை நம்பி ஓடும் சாமான்கள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. பொம்மையில் இன்று நடப்பது பம்பு செட்டில் நாளை நடக்காது என்று யார் உறுதி கூற முடியும்?

செய்ய வேண்டியது

கம்பெனிக்கு இரண்டு கோரிக்கைகள். விலை உயர்ந்த ஒவ்வொரு பெட்டியிலும் கைபேசி இல்லாமலே ஓட்டக்கூடிய ஒரு விசையை வைக்க வேண்டும். ஒரு செயலியைக் கைவிடும் நாளில் அதன் நிரலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். இரண்டும் கம்பெனிக்குப் பெரிய செலவல்ல. வாங்கியவருக்கோ அதுவே ஆயுள் காப்பு.

ஆர்வலர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. 'பைபிரிக்ஸ்' என்ற திறந்த நிரலை உருவாக்கி, கட்டளையைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே பதிய வைத்து, கைபேசி இல்லாமல் ஓட்ட வழி செய்திருக்கிறார்கள். ஆனால் வாடிக்கைக்காரரின் கெட்டிக்காரத்தனத்தை நம்பித் தயாரிப்பாளர் தம் கடமையை மறந்துவிடலாகாது.

கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை மோட்டார் வைத்தாலும், ஒவ்வோர் அச்சின் நுனியிலும் கையால் சுற்ற ஒரு பிடி வைத்துக் கட்டுங்கள். பாட்டரி தீரலாம், செயலி மறையலாம், கம்பெனியே கைமாறலாம். அந்தப் பிடியைப் பேரப்பிள்ளை சுற்றும்போது வாளி மேலே எழ வேண்டும். எழுந்தால்தான் பழைய யந்திரத்தைக் காப்பாற்றினோம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.