சுபாவத்தின் மேல் போட்ட பழி

அமெரிக்கன் பிறக்கும்போதே மோட்டார் வண்டியின் மேல் மோகம் கொண்டு பிறக்கிறான் என்றும், பஸ்ஸிலும் ரயிலிலும் பலரோடு நெருங்கி அமர்ந்து பிரயாணம் செய்வது அவனுடைய சுதந்திர சுபாவத்துக்கே ஒவ்வாதது என்றும் ஓர் அபிப்பிராயம் அந்தத் தேசத்திலும் அதற்கு வெளியிலும் வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. ஆதாரம் கேட்டால் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து நீட்டுவார்கள்: 2019ஆம் ஆண்டில், பெருந்தொற்று வருவதற்கு முன்பே, வேலைக்குப் போகும் அமெரிக்கரில் பொதுப் போக்குவரத்தை நம்பியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். எண் மெய்யானதே, அதிலிருந்து அவர்கள் வருவிக்கும் சித்தாந்தம்தான் பொய்.

தேசம் முழுவதற்குமாக எடுத்த சராசரி எந்த ஊரையும் காட்டுவதில்லை. அதே காலத்தில் நியூயார்க் நகரத்தில் வேலைக்குப் போனவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சப்வேயிலும் பஸ்ஸிலும் ரயிலிலும் போனார்கள்; பாஸ்டன், வாஷிங்டன், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அப்படிப் போனார்; லாஸ் ஏஞ்சலிஸில் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. டெக்ஸாஸ் மாகாணத்தில் ஏறக்குறைய நாலு லட்சம் ஜனங்கள் வாழும் ஆர்லிங்டனிலோ, ஊர் முழுவதும் வழித்தடம் வகுத்து நேரம் குறித்து ஓடும் பஸ் என்பதே கிடையாது. இல்லாத பஸ்ஸில் ஏறாதவனுடைய சுபாவத்தை ஆராய்வது என்ன தர்க்கமோ! பணம் வந்தவன் பஸ்ஸை விட்டுவிடுவான் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. உலகத்துச் செல்வமெல்லாம் வந்து குவியும் மன்ஹாட்டனில், நாலில் மூன்று குடும்பங்களுக்குச் சொந்தக் கார் இல்லை.

இன்று காருக்கே தலைநகரமாகச் சொல்லப்படும் லாஸ் ஏஞ்சலிஸில், ஹென்றி ஹண்டிங்டன் தொடங்கிய பசிபிக் எலெக்ட்ரிக் கம்பெனியின் சிவப்பு வண்டிகள் ஒரு காலத்தில் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட தண்டவாளத்தில் ஓடின. கடைசி வண்டி 1961இல் நின்றது. டிராம்களை அழித்தது ஜெனரல் மோட்டார்ஸின் சதியே என்று சிலர் சாதிப்பார்கள். பஸ்களையும் அவற்றுக்கு வேண்டிய டயர், எண்ணெய் முதலியவற்றையும் விற்பதில் ஏகபோகம் தேடிச் சதி செய்ததாக 1949இல் அந்தக் கம்பெனிக்குத் தண்டனை கிடைத்தது உண்மைதான். ஆனால், விலைவாசி ஏறியபோதும் ஐந்து சென்ட் கட்டணத்தை உயர்த்த விடாமல் டிராம் கம்பெனிகளை நலிய வைத்த பழைய ஒப்பந்தங்களை மறந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு சதியின் தலையில் கட்டுவதும் சோம்பல் புத்திதான்.

பெரிய காரணம் சர்க்காருடைய கஜானாவில் இருக்கிறது. 1956ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி 41,000 மைல் நீளத்துக்கு நெடுஞ்சாலைகள் போட, செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய சர்க்கார் ஏற்றுக்கொண்டது. நகரப் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் உதவுவதற்கென்று ஒரு பெரிய சட்டம் வருவதற்கு 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புறநகர்த் தனி வீடுகளுக்கு வாங்கும் கடனுக்குச் சர்க்காரே உத்தரவாதம் தந்தது. கறுப்பு மக்களுக்கு மட்டும் அந்த அனுக்கிரகம் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. கடை கட்டினாலும் வீடு கட்டினாலும் இத்தனை கார் நிறுத்த இடம் விட்டே தீரவேண்டும் என்று நகரசபைகள் விதி செய்தன. இவ்வாறு மனிதனை ஊருக்கு வெளியே குடியேற்றி, கடையையும் பள்ளிக்கூடத்தையும் நடந்து போக முடியாத தூரத்தில் வைத்து, இருந்த டிராமையும் பிடுங்கிவிட்டு, வேறு கதியின்றி அவன் காரில் ஏறியதும், "பார்த்தீர்களா, இவனுக்குக் கார் என்றால் உயிர்!" என்று கைகொட்டுகிறார்கள்.

ஜனங்களே வாக்களித்துப் பொதுப் போக்குவரத்தை நிராகரித்த இடங்களும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆர்லிங்டன் வாக்காளர்களும் நிராகரித்தவர்களே. ஆனால் நிராகரிப்புக்கெல்லாம் கார் மோகமே காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1971இல் அட்லாண்டாவைச் சுற்றிய கிளேட்டன், குவின்னெட் மாவட்டங்கள் மார்ட்டா என்னும் நகரப் போக்குவரத்து ஸ்தாபனத்தில் சேர மறுத்ததற்கு, நகரத்துக் கறுப்பு மக்கள் ரயிலேறித் தங்கள் பேட்டைக்கு வந்துவிடுவார்களே என்ற வெள்ளையரின் பயம் பெருங்காரணம் என்பதைச் சரித்திரம் அறிந்தவர்கள் மறைப்பதில்லை. கறுப்பு மக்கள் பெரும்பான்மையாகிவிட்ட கிளேட்டன், 2014இல் தானே வரி விதித்துக்கொண்டு அதே ஸ்தாபனத்தில் சேர்ந்தது.

அந்த 2014 நவம்பரிலேயே ஸியாட்டில் நகரத்து வாக்காளர்கள், விற்பனை வரியையும் வாகனக் கட்டணத்தையும் உயர்த்தி, அந்தப் பணத்தில் அதிகப்படியான பஸ்களை விடச் சம்மதித்தார்கள். பஸ்கள் அடிக்கடி வந்தன. ரயில் பாதையும் நீண்டது. 2017இல் அந்த நகரத்தின் மையப் பகுதிக்கு வேலைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பொதுப் போக்குவரத்தில் வந்தார்கள். தனியாகக் காரோட்டி வந்தவர்கள் கால் பங்குதான்.