பழைய கணினியைக் குப்பையில் போடச் சொல்வது யார்?

"இந்தக் கணினிகளெல்லாம் பழையவை. புதிய விண்டோஸ் ஏறாது. ஏறினாலும் திரை சரியாக வராது. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்."

தமிழ்ப்பள்ளிக் கணினிக் கூடத்தில் இந்த அறிவுரையைக் கேட்காத ஆசிரியர் அரிது. சொல்பவர் பெரும்பாலும் புதிய கணினி விற்பவராகவே இருப்பதுதான் வேடிக்கை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் உணவுச் சந்தை நடத்தி வெள்ளி வெள்ளியாகச் சேர்த்த பணம், ஒரு விற்பனையாளரின் ஒற்றை வாய்ச்சொல்லுக்குக் கரைந்து போகிறது. இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். காரணங்களைக் கீழே வைக்கிறேன். மறுக்க விரும்புவோர் மறுக்கலாம்.

நோய் எங்கே இருக்கிறது?

இயங்குதளத்திற்கும் வன்பொருளுக்கும் இடையில் நின்று மொழிபெயர்க்கும் மென்பொருளை இயக்கி என்கிறோம். வரைகலைச் சில்லுக்கு உரிய இயக்கி கிடைக்காவிட்டால் விண்டோஸ் தன்னிடமுள்ள பொது இயக்கியைக் கொண்டு ஒருவாறு சமாளிக்கும். 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று அதற்குப் பெயர். அப்போது எழுத்துகள் அகன்று இழுபடும், காணொளி தடுமாறும், இரண்டாவது திரை இயங்காது. பாடத்தைப் புரொஜெக்டரில் காட்ட வந்த ஆசிரியர் மாணவர் முன்னிலையில் கையைப் பிசைந்து நிற்பார். உடனே, "கணினி கெட்டுவிட்டது" என்று தீர்ப்பு எழுதப்படும். உண்மையில் சில்லு நலமாகவே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வரவில்லை; அவ்வளவே!

வரலாறு சொல்வதைக் கேளுங்கள்

2006ஆம் ஆண்டில் 'விண்டோஸ் விஸ்டா கேப்பபிள்' என்ற ஒட்டுச்சீட்டுடன் கணினிகள் விற்கப்பட்டன. விஸ்டாவோ டபிள்யூடிடிஎம் எனும் புதிய வரைகலை இயக்கி முறையைக் கொண்டுவந்தது. இன்டெல் 915 சில்லுத்தொகுதியால் அம்முறைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இருந்தும் அக்கணினிகளுக்கும் அதே சீட்டு ஒட்டப்பட்டது. 2007இல் அமெரிக்காவின் சியாட்டல் நகர நீதிமன்றத்திற்கு வழக்கு சென்றது. தகுதி வரம்பு தளர்த்தப்பட்டதைப் பற்றி மைக்ரோசாப்ட் ஊழியர்களே தமக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் 2008இல் வெளிவந்தன. 2009இல் அது கூட்டு வழக்கு என்ற தகுதியை இழந்தது. பழைய எக்ஸ்பி வகை இயக்கியைக் கொண்டு அக்கணினிகளில் விஸ்டாவை ஓட்டியவர்களுக்கும் 2012இல் கதவு மூடப்பட்டது. விண்டோஸ் 8 அந்த வகை இயக்கிகளை அறவே ஏற்கவில்லை.

இன்னொரு சான்று. 2011இல் வந்த இன்டெல் இரண்டாம் தலைமுறைச் செயலிகளின் எச்டி 3000 வரைகலைக்கு, விண்டோஸ் 10இல் அதிகாரப்பூர்வ ஆதரவு இல்லை என்று இன்டெல் அறிவித்தது. ஆயினும் நடந்தது என்ன? விண்டோஸ் 8 காலத்து இயக்கியே, விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, 10இல் ஓடியது! 'ஆதரவு இல்லை' என்பதும் 'இயங்காது' என்பதும் ஒன்றல்ல. முன்னது ஒரு நிறுவனத்தின் வணிக முடிவு. பின்னது வன்பொருளின் இயல்பு. இவ்விரண்டையும் குழப்பித்தான் நம்மிடம் விற்பனை நடக்கிறது.

ஆயுளைக் குறிப்பது கொள்கையே என்பதற்குக் குரோம்புக் நல்ல சான்று. 2023 செப்டம்பரில் கூகிள் அவற்றுக்கான புதுப்பிப்புக் காலத்தைப் பத்தாண்டுகளாக நீட்டித்தது. ஒரே அறிவிப்பில் கணினிகளின் ஆயுள் கூடிவிட்டது. உள்ளிருந்த சில்லுகளில் ஒன்றாவது மாறியதா?

மறுப்புரைக்கு மறுமொழி

"பாதுகாப்பு முக்கியம் அல்லவா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. புதுப்பிப்பு இல்லாத கணினியை இணையத்தில் விட்டுவைக்க நானும் சொல்லமாட்டேன். ஆனால், கல்வி நிறுவனங்களுக்கு நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பை முதலாண்டு ஒரு கணினிக்கு ஓர் அமெரிக்க டாலர் என்ற விலையில் தருவதாக மைக்ரோசாப்ட் 2024இலேயே அறிவித்ததை எந்த விற்பனையாளராவது உங்களிடம் சொன்னாரா?

"பழைய வன்பொருளை என்றென்றும் தாங்க முடியுமா?" என்றும் கேட்பர். முடியாதுதான். விண்டோஸ் 11 டபிள்யூடிடிஎம் 2.0 இயக்கியையும் டிபிஎம் 2.0 சில்லையும் கேட்கிறது; பல கணினிகள் அங்கே தோற்கும். 32-பிட்டுச் செயலி மட்டும் கொண்டவற்றை டெபியன் லினக்சும் 2025இல் வந்த 13ஆம் பதிப்பின் நிறுவலிலிருந்து விலக்கியது. எல்லாக் கணினியையும் காப்பாற்றலாம் என்பது என் வாதமன்று. சோதிக்காமல் எதையும் கொல்லாதீர் என்பதே என் வாதம்.

செய்ய வேண்டியவை

முதலில், டிவைஸ் மேனேஜரில் வரைகலைச் சில்லின் அடையாள எண்ணைப் பாருங்கள். 8086 என்று வந்தால் இன்டெல், 1002 என்று வந்தால் ஏஎம்டி. பெயரே தெரியாத சில்லையும் இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, விண்டோஸ் அப்டேட்டின் விருப்ப இயக்கிகளைத் தேடுங்கள். அங்கே இல்லையேல், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து விண்டோஸ் 7 அல்லது 8 காலத்து இயக்கியை இறக்குங்கள். நிறுவல் நிரல் பதிப்பைப் பார்த்துவிட்டு மறுக்கக்கூடும். மறுப்பது அந்த நிரல்தான், இயக்கி மறுப்பதில்லை. கோப்பைப் பிரித்து, டிவைஸ் மேனேஜர் வழியாக ஐஎன்எஃப் கோப்பை நேரடியாகச் சுட்டுங்கள். பல நேரங்களில் திரை தெளிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: 64-பிட்டு விண்டோஸ் கையொப்பமில்லாத இயக்கியைத் தடுக்கும். அந்தக் காவலை அணைக்கச் சொல்லும் குறிப்புகளையும், 'எல்லா இயக்கியும் ஒரே சொடுக்கில்' என்று அழைக்கும் தளங்களையும் பள்ளிக் கணினிக்கு அருகில் விடாதீர்கள்.

அதுவும் பலிக்கவில்லையெனில் லினக்சு. அங்கே இன்டெல், ஏஎம்டி வரைகலைக்கான இயக்கிகள் திறந்த மூலமாக உடன் வருகின்றன. மீசா திட்டம் 2022இல் மிகப் பழைய இயக்கிகள் சிலவற்றைத் தனிக்கிளையாகப் பிரித்தது. அதற்குப் பின்னும் 2002இல் வந்த ரேடியான் 9700க்கான இயக்கி முதன்மைக் கிளையிலேயே தொடர்ந்தது. மூலநிரல் திறந்திருப்பதால், விரும்புகிற எவரும் அதைப் பேணலாம். எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய திரைச்சூழலைப் பழைய கணினியும் தாங்கும். தமிழ்99 தட்டச்சும் அங்கே உண்டு. கட்டுரை எழுதவும் இணையத்தில் தேடவும் நம் மாணவர்க்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

பெற்றோர்களே, மேலாளர் வாரியத்தினரே!

நம் நாட்டில் மின்னணுக் கழிவு, 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 110 எனப் பட்டியலிடப்பட்ட கழிவு. பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கைகழுவும் பொருளன்று அது. ஆகவே, இனிப் பள்ளிக் கணினியைக் கழிக்க யாராவது பரிந்துரைத்தால், எழுத்தில் கேளுங்கள். எந்தச் சில்லு? எந்த இயக்கியை முயன்றீர்? லினக்சில் சோதித்தீரா? இம்மூன்று கேள்விக்கும் விடையில்லாத பரிந்துரைக்கு ஒரு வெள்ளியும் ஒதுக்காதீர். அந்தப் பணத்தில் நூலகத்திற்கு நல்ல தமிழ் நூல்கள் வாங்கலாம். அவற்றுக்கு எந்த நிறுவனமும் ஆதரவை நிறுத்த முடியாது!