எச்சரிக்கையை நீக்குதலும் வாசித்தலும்

பெங்களூரு வெளிவட்டச் சாலை அலுவலகங்களில் வலையமைப்பு அட்டைகளுக்கான டிரைவர் நிரல் எழுதப்படுகிறது. அதில் தொகுப்பி எழுப்பும் எச்சரிக்கைகளை நீக்கும் வேலை புதியவர்களிடமே விடப்படுவதுண்டு. துப்புரவுப் பணி என்று எண்ணப்படும் இவ்வேலை, உள்ளபடி ஓர் உரையாசிரியரின் வேலை.

'கீரைக் கடை' விற்குமிடம். 'கீரை கடை' ஏவல். ஒற்று மறதியால் விடுபட்டதா, எண்ணியே விடப்பட்டதா என்பதைச் சந்திப்பிழை திருத்தி அறியாது. சி மொழியின் ஸ்விட்ச் கூற்றிலும் இதுவே சிக்கல். ஒரு கேஸின் முடிவில் பிரேக் இல்லையெனில் ஓட்டம் அடுத்த கேஸுக்குள் விழும். 2017இல் வெளிவந்த ஜிசிசி 7 முதல் தொகுப்பி இதைச் சுட்டிக்காட்டும். எழுதியவரின் கருத்தை மட்டும் சொல்லாது.

இன்டெலின் ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவரை எடுத்துக்கொள்ளலாம். பொட்டலங்களை வரிசைகளுக்குப் பிரிக்க எந்தப் புலங்கள் பயன்படுகின்றன என்று ஈத்டூல் கேட்கும்போது, டிசிபி கேஸ் போர்ட் எண்களைச் சேர்த்துவிட்டு, வேண்டுமென்றே கீழே விழுந்து ஐபி முகவரிகளையும் சேர்க்கும். அவ்விடத்தில் பிரேக் இட்டால் எச்சரிக்கை மறையும்; விடையிலிருந்து முகவரிகளும் மறையும். மறதியால் விடுபட்ட இடத்தில் 'இது திட்டமிட்டதே' என்று குறித்தாலோ, பிழைக்கு நிரந்தரப் பட்டா கிடைத்துவிடும்.

லினக்ஸ் கெர்னலில் குஸ்தாவோ சில்வா முதலானோர் இத்தகைய இடங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். பெரும்பாலானவை திட்டமிட்டவை, சில உண்மைப் பிழைகள். 2019 செப்டம்பரில் வெளியான 5.3 பதிப்பில் இவ்வெச்சரிக்கை கெர்னல் முழுமைக்கும் இயக்கப்பட்டது. மொழியியலார் கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம். அதுவரை எழுதியவரின் நோக்கம் ஆங்கிலக் குறிப்புரையாகவே நின்றது. ஜிசிசி அதைப் படித்து ஏற்றது, கிளாங் ஏற்கவில்லை. 2020இல் அக்குறிப்புரைகள் பெருமளவில் 'ஃபால்த்ரூ' என்னும் சொல்லாக மாற்றப்பட்டன. மனிதருக்குச் சொன்ன பேச்சு இலக்கணத்துக்குள் இடம்பெற்றது.

ஓடும் நிரலை ஏன் தொட வேண்டும் என்னும் தயக்கத்திலும் நியாயம் உண்டு. வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவியின் எச்சரிக்கையைப் போக்க 2006இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் செய்த திருத்தம், 2008இல் கண்டறியப்படும்வரை மறைச்சாவிகளை எளிதில் ஊகிக்கத்தக்கனவாக்கியது. அங்கே தவறியது திருத்தும் துணிவன்று. அவ்வரி ஏன் இருந்தது என்னும் புரிதல்.

ஆகவே, மாணவர் எத்தனை எச்சரிக்கைகளை நீக்கினார் என்று எண்ணும் கல்விக்கூடங்கள் அளவுகோலை மாற்ற வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துடனும் 'எழுதியவர் கருதியது இது. இதற்குச் சான்று இது' என்று அவர் எழுதும் நான்கு வரிகளுக்கே மதிப்பெண் உரியது.