மூன்று துளைகளின் பொய்ச்சாட்சி

இலக்குச் சுடுதலில் ஊறியவர்கள் பலரிடம் பத்திரப்படுத்திய ஒரு தாள் இருக்கும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மூன்று துளைகள். ஓரத்தில் குண்டின் பெயர், எடை, மருந்தின் அளவு. என் ரைபிளுக்கு எது ஒத்துவரும் என்று புதியவர் ஒருவர் கேட்டால், அந்தத் தாள்தான் பதிலாக வரும். வகைக்கு மூன்று குண்டு சுட்டுப் பார், எந்த வகையின் குரூப் (துளைகளின் கூட்டம்) மிகச் சிறியதோ அதை வாங்கு என்பார்கள். உலகமெங்கும் சுடுதளங்களில் வேதவாக்காக நிலைத்துவிட்ட இந்த ஆலோசனை தவறானது. எத்தனையோ பேரின் பணத்தையும் பயிற்சியையும் இது வீணாக்கியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரே ரைபிள், ஒரே பெட்டித் தோட்டா. மூன்று குண்டுக் குரூப்பைத் திரும்பத் திரும்பச் சுட்டால் சராசரி ஓர் அங்குலம் வருகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் வராது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு குரூப்புகள் 0.63 முதல் 1.37 அங்குலத்துக்குள் விழும். மற்றவை அதற்கும் வெளியே போகும். எதையும் மாற்றாமலே அரை அங்குலக் குரூப்பும் வரும், ஒன்றரை அங்குலமும் வரும். இப்போது ஒருவர் பத்து வகைக் குண்டு வாங்கி, வகைக்கு மூன்றாகச் சுடுகிறார். பத்தும் தரத்தில் துளியும் வேறுபடாதவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மிகச் சிறிய குரூப்புக்கும் மிகப் பெரியதற்கும் மூன்று மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம். அவர் ஒன்றை முடிசூட்டுவார், ஒன்பதைத் தூக்கி எறிவார். அந்தத் தேர்வில் குண்டுக்கு எந்தப் பங்கும் இல்லை.

அதே தோட்டாவைப் பத்துப் பத்தாகச் சுட்டால் குரூப் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல் விரியும். தோட்டா கெட்டுவிடவில்லை, உண்மை அளவு அப்போதுதான் வெளியே வருகிறது. "அரை அங்குல ரைபிள்" என்று பேசுகிறவர்கள் பத்தாவது குண்டு வரை போவதில்லை.

அளக்கும் முறையிலும் கோளாறு உண்டு. மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு இடையேயுள்ள தூரத்தை மட்டும் அளக்கிறோம். மற்றத் துளைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே இல்லை. குரூப்பின் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு துளையும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து சராசரி காண்பதே நியாயமான வழி. அமெரிக்க ராணுவம் தோட்டாக்களை ஏற்பதா மறுப்பதா என்று முடிவுசெய்ய இந்தச் சராசரி ஆரத்தை வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறது. பெரிய கணிதம் தேவைப்படும் வேலையல்ல, ஓர் அளவுகோலும் பத்து நிமிடமும் போதும்.

எனக்கு மிகவும் கோபம் வருவது இன்னொரு பழக்கத்தின் மேல். நான்கு துளைகள் நெருங்கி விழுகின்றன, ஐந்தாவது விலகுகிறது. "அது என் கை இழுத்தது, கணக்கில் சேர்க்காதே." விசையை அழுத்தும் கணத்திலேயே, துளையைப் பார்க்குமுன், கை தவறியது என்று சொன்னால் ஏற்கலாம். பார்த்த பிறகு சொல்வது சாட்சியைக் கலைப்பது. போட்டியில் அந்த ஐந்தாவது குண்டுக்கும் புள்ளி போடுவார்கள். விலகியதை விலக்கிவிட்டுக் குண்டு தேடுகிறவர், எது விலகாது என்பதை ஒருநாளும் அறியப்போவதில்லை.

தூரமும் இதில் சேர்கிறது. சியரா நிறுவனத்தின் 168 கிரெய்ன் மேட்ச்கிங் குண்டு 300 மீட்டர் போட்டிக்காக உருவானது. அந்தத் தூரத்தில் அது அருமையான குண்டு, தலைமுறைகளாக வென்றிருக்கிறது. ஆனால் .308 ரைபிளில் அதை 1,000 கெஜத்துக்கு அனுப்பினால், ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் அதன் வால்பகுதி வடிவம் காரணமாகத் தள்ளாடத் தொடங்குகிறது. வால் மெல்லச் சரியும் 175 கிரெய்ன் குண்டு அங்கே நிதானமாகப் போகும். அமெரிக்க ராணுவத்தின் நெடுந்தூரத் தோட்டாவுக்கு அதையே எடுத்தார்கள். 100 கெஜத் தாளில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. குண்டுக்குக் குண்டு புறப்படும் வேகம் வினாடிக்குப் பத்து அடி மாறினாலும் அப்படித்தான்: 100 கெஜத்தில் கண்ணுக்குத் தெரியாது, 1,000 கெஜத்தில் சில அங்குலம் மேலும் கீழுமாகச் சிதறும். சுடப்போகும் தூரத்தில் சோதிக்காத குண்டைப் பற்றி எதுவும் சொல்லும் உரிமை நமக்கில்லை.

குண்டின் நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பொறுக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபிராங்க்ளின் மான் 1909-இல் வெளியிட்ட நூலிலேயே, நுனியைச் சிதைத்தால் குண்டு அதிகம் வழிதவறுவதில்லை, அடிப்பகுதியைச் சிதைத்தால்தான் தவறுகிறது என்று பொறுமையாகச் சுட்டுக் காட்டிவிட்டார். மேட்ச் குண்டின் நுனியில் துவாரம் இருப்பதும் அதனால்தான்: செப்பு உறைக்குள் ஈயத்தை முன்பக்கமாக நிரப்பினால், அடி மூடியபடி சீராக அமையும்.

சரியான வழியைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். .22 போட்டியாளர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருவதுதான் அது. லாபுவா, எலி போன்ற நிறுவனங்களின் சோதனைக் கூடங்களுக்கு ரைபிளை எடுத்துச் சென்று, பிடிப்பானில் பூட்டி, 50 மீட்டரில் லாட் லாட்டாக (ஒரே முறையில் தயாரான தொகுதி தொகுதியாக), பத்துப் பத்துக் குண்டுகளாகப் பல குரூப்புகள் சுடுகிறார்கள். ஒரே பெயர், ஒரே விலை, ஒரே ஆலை. ஆனாலும் ஒரு குழலுக்கு ஒரு லாட் ஒத்துவரும், அடுத்தது வராது. 50 மீட்டரில் பத்தின் வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். பத்து மீட்டர் ஏர் ரைபிளில் ஒரு தசமப் புள்ளிக்கு 0.25 மில்லிமீட்டர். அங்கே மூன்று துளைத் தாளை நம்பி யாரும் பெல்லட் வாங்க முடியாது. ஆனாலும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தாளைத்தானே காட்டி வாங்கிக் கொடுக்கிறோம்?

செலவு தாங்காது என்பார்கள். பத்து வகையை மூன்று மூன்றாகச் சுட்டாலும் முப்பது தோட்டா தீர்கிறது. குழலின் முறுக்குக்கும் போட்டியின் தூரத்துக்கும் பொருந்தாதவற்றைக் காகிதத்திலேயே கழித்துவிட்டு இரண்டே வகையை எடுத்து, வகைக்குப் பதினைந்து சுடுங்கள். எல்லாத் துளைகளையும் அளந்து சராசரி ஆரம் காணுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் விலை குறைந்ததை, ஒரே லாட்டில், பருவம் முழுமைக்கும் வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் காற்றைப் படிக்கப் பழகுங்கள்.