உப்புத்தண்ணீரின் ஞாபகம்

ஞாபகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அது ஆத்மாவின் குணம் என்பார் ஒருவர். பூர்வ ஜென்ம வாசனை என்பார் மற்றொருவர். ஆத்மாவும் ஜென்மமும் இல்லாத உப்புத்தண்ணீர் இன்று ஞாபகம் வைத்துக் கொள்கிறதே, இதற்கு இவர்கள் என்ன சமாதானம் சொல்லுவார்கள் என்று கேட்கின்றோம்.

உப்பு தண்ணீரில் கரைந்தால் மின்னேற்றமுள்ள அயனிகளாகப் பிரிகிறது. சோடியம், பொட்டாசியம் அயனிகள் நரம்பின் சவ்வினூடே உள்ளும் புறமும் போய் வருவதால்தான் நரம்பில் செய்தி ஓடுகிறதென்று, ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் கணவாயின் பெரிய நரம்பைச் சோதித்து 1952-ல் விளக்கினார்கள்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் சர்வகலாசாலையாரும் தென்கொரியாவின் சோகாங் சர்வகலாசாலையாரும் சேர்ந்து, இதே முறையில் ஒரு கருவி செய்து 2024-ல் வெளியிட்டார்கள். அதன் அளவு 150க்கு 200 மைக்ரோமீட்டர். அதாவது மூன்று நான்கு மயிரின் கனம். கூம்பு வடிவான அந்த வழியில் உப்புத்தண்ணீர் நிற்கிறது. மின்துடிப்பு கொடுத்தால் அயனிகள் அங்கே கூடுகின்றன, அல்லது குறைகின்றன. அதற்குத் தக்கபடி மின்சாரம் எளிதாகவோ சிரமத்துடனோ செல்லுகிறது. துடிப்பு நின்ற பிறகும் அந்த மாறுதல் சற்று நேரம் நிற்கிறது. அதுவே ஞாபகம். வழியை நீட்டினால் ஞாபகமும் நீளுகிறது.

இதனால் என்ன லாபம்? மனித மூளைக்குச் சுமார் 20 வாட் சக்தி போதும். கணினியோ ஞாபகத்தை ஓரிடத்திலும் கணக்கை வேறிடத்திலும் வைத்து, இரண்டிற்குமிடையே ஓயாமல் நடந்தே மின்சாரத்தை விழுங்குகிறது. இரண்டு வேலையும் ஒரே இடத்தில் நடந்தால் செலவு குறையும்.

ஆனால் தோழர்களே, மூளையையே செய்துவிட்டார்கள் என்று யாரேனும் கூத்தாடினால் அதையும் நம்பாதீர்கள். அயனி மெதுவாக நகருவது; ஒரு குழாய் சிந்திக்காது. கையால் எழுதிய எண்களை இனம் பிரித்த சோதனையிலுங்கூட, கடைசித் தீர்ப்பைச் சொன்னது சாதாரணக் கணினியே. ஆத்மாவை விட்டுவிட்டு யந்திரத்தைக் கும்பிடுவது பகுத்தறிவாகாது.

இந்தக் குழாய் ஒன்றே ஆத்மா இல்லையென்று ருசுப்படுத்தி விட்டதாகவும் நாம் சொல்ல வரவில்லை. ஆத்மா இல்லாமல் ஞாபகம் இருக்க முடியாது என்ற பேச்சுக்கு மாத்திரம் இனி இடமில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் அளவையும் கணக்கையும் யாரும் சோதித்துப் பார்க்கும்படி வெளியில் வைத்திருக்கிறார்கள். ஆத்மாக்காரர்களும் அப்படியே வைக்கட்டும். பரீட்சித்துப் பார்க்க நாம் தயார்.