எல்லா அழைப்பையும் ஏற்க வேண்டுமா?

ஏணியில் ஏறி நின்று வேலை செய்யும் ஏர்கோன் பழுதுபார்ப்பவரால் ஒலிக்கும் கைத்தொலைபேசியை எடுக்க முடியாது. அழைத்தவர் காத்திருக்க மாட்டார். அடுத்த எண்ணுக்கு அழைத்துவிடுவார். மணப்பெண் ஒப்பனை செய்பவர், விருந்துச் சமையல் எடுப்பவர், டியூஷன் நடத்துபவர் எனத் தனியாளாகத் தொழில் செய்யும் பலரின் நிலையும் இதுதான். அவர்கள் எடுக்க முடியாத அழைப்புகளை வீட்டிலிருந்தே ஏற்றுப் பதில் சொல்வது மாணவர்கள் சிறு முதலீட்டில் தொடங்கக்கூடிய தொழில். எடுக்காத அழைப்பை மட்டும் வேறோர் எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி பொதுவாகக் கைத்தொலைபேசியிலேயே உண்டு.

தொடங்குவது எளிது. எந்தச் சேவைகளைத் தருவது என்று முடிவு செய்வதுதான் கடினம். "24 மணி நேரமும், எல்லாச் சேவைகளும்" என்று விளம்பரம் செய்ய ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக்கூடாது.

ஒவ்வொரு சேவையையும் இரண்டு கேள்விகளால் எடைபோடலாம். நாம் தவறு செய்தால் யாருக்கு என்ன இழப்பு? அதற்காக நாம் எத்தனை மணி நேரம் கட்டுண்டு கிடக்க வேண்டும்?

பெயர், எண், விவரம் ஆகியவற்றைக் குறித்து உரியவருக்கு அனுப்பும் சேவையில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் மறுபடி அழைத்துச் சரிசெய்துவிடலாம். முன்பதிவு செய்து கொடுப்பதில் பொறுப்பு கூடுகிறது. ஒரே நேரத்தில் இருவருக்கு வாக்குக் கொடுத்தால் வாடிக்கையாளரின் பெயர் கெடும். ஆயினும் இருவரும் ஒரே இணைய நாட்காட்டியைப் பகிர்ந்துகொண்டால் சமாளிக்கலாம். விலை பேசுவதும் புகாருக்குத் தீர்வு சொல்வதும் வேறு வகை. அந்த அதிகாரம் நமக்கு இல்லை. மருந்தகம், கிளினிக் போன்றவற்றின் இரவு அழைப்புகளைத் தொடவே கூடாது. நெஞ்சு வலி என்று அழைப்பவருக்குத் தேவைப்படுவது 999. விரிவுரைக்கு இடையே பேசும் மாணவர் அல்ல.

அடுத்தது கட்டணம். மாதம் 150 ரிங்கிட்டுக்கு ஒருவரிடம் ஒப்புக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குப் பத்து அழைப்புகள், ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதுவதையும் சேர்த்து ஆறு நிமிடம். மாதம் 26 நாட்களுக்கு 26 மணி நேர வேலை. அதாவது மணிக்கு ஆறு ரிங்கிட்கூட இல்லை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 17 சென். தொலைபேசி ஒலிக்குமா என்று காத்திருக்கும் நேரத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே சேவை நேரத்தைத் தெளிவாக வரையறுத்து, அழைப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வாங்குவதே நியாயம்.

இயந்திரமே பதில் சொல்லும் காலத்தில் இதற்கெல்லாம் வாய்ப்பு உண்டா என்று சிலர் கேட்கலாம். கடை திறந்திருக்கும் நேரத்தைச் சொல்ல இயந்திரம் போதும். ஆனால் பேத்தியின் திருமணத்துக்குச் சமையல் கேட்கும் பாட்டி, பாதி தமிழிலும் பாதி மலாயிலும் தயங்கித் தயங்கிப் பேசுவார். பொறுமையாகக் கேட்டு, அவர் சொல்ல வந்ததைச் சரியாக எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மூன்று மொழிகளில் படித்த நம்மிடம் அந்தத் திறன் இருக்கிறது. தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். சொந்தப் பெயரில் நடத்த ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் நடத்த 60 ரிங்கிட். அழைத்தவர்களின் பெயரும் எண்ணும் நம் சொத்து அல்ல. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைப் பாதுகாக்கவும், தேவை முடிந்ததும் அழிக்கவும் வேண்டும். குடும்பத்தினர் பயன்படுத்தும் கணினியில் அந்தப் பட்டியல் திறந்து கிடக்கலாகாது.

தகவல் குறிப்பது, முன்பதிவு செய்வது. இந்த இரண்டோடு, மூன்று வாடிக்கையாளர்களை வைத்துத் தொடங்குங்கள். நீங்கள் செய்யாதவை எவை என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுங்கள். தேர்வு வாரத்தில் யார் தொலைபேசியை எடுப்பார் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அதற்குப் பதில் கிடைக்கவில்லையென்றால், அடுத்த விடுமுறை வரை பொறுத்திருப்பது நல்லது.